நூறு செல்களும் ஒரு வோல்ட்மீட்டரும்: முதிர்ந்த நிக்கல்–காட்மியம் அடுக்குகளைச் சோதித்தலும் தேற்றுதலும்

பிரான்சின் லா ரோஷெல் நகரில் 1993இல் 50 மின்கார்கள் சோதனை ஓட்டத்துக்கு விடப்பட்டன. அதன் தொடர்ச்சியாக விற்பனைக்கு வந்த பியூஜோ 106, சிட்ரோயன் சாக்ஸோ ஆகியவற்றின் மின்வடிவங்களில் சாஃப்ட் நிறுவனத்தின் நிக்கல்–காட்மியம் பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொரு காரிலும் 20 பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் ஐந்து செல்கள். பெட்டி 6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. நூறு செல்களும் தொடராக இணைந்து 120 வோல்ட் தந்தன. காட்மியத்தின் நச்சுத்தன்மை கருதி ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாட்டின்படி, 2008 முடிவுக்குப் பின் இவ்வகை பேட்டரி பழைய மின்வாகனங்களுக்கான மாற்றுப்பொருளாக மட்டுமே விற்கப்படலாம். எஞ்சியுள்ள கார்களை வைத்திருப்பவர்களுக்கு, இருப்பதைச் சோதித்துத் தேற்றுவதே நடைமுறை வழி.

முதலில் சோதித்து, பிறகு தேற்றுவது என இவை இரண்டு தனிப் பணிகளாகவே பேசப்படுகின்றன. நான் அப்படிக் கருதவில்லை. இந்த பேட்டரியைச் சோதிக்கும் ஒரே நம்பகமான வழி அதன் மின்னேற்றத்தை முழுதாக இறக்கிப் பார்ப்பது. தேற்றும் வழியும் அதுவே. நோயைக் கண்டறியும் செயலே நோயை ஓரளவு மாற்றிவிடுவதால், முதல் அளவீட்டை வைத்து ஒரு பெட்டியைக் கழிப்பதும் பிழை, ஏற்பதும் பிழை.

ஈய–அமில பேட்டரியில் பழகிய கைகள் முதலில் தேடுவது ஹைட்ரோமீட்டரை. அங்கே அமிலமே வினையில் செலவாவதால் அடர்த்தி மின்னேற்ற நிலையைக் காட்டும். 1899இல் ஸ்வீடனின் வால்டமார் யுங்னர் வடிவமைத்த நிக்கல்–காட்மியம் செல்லில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு செலவாவதில்லை. அடர்த்தியை வைத்து மின்னேற்றத்தைச் சொல்ல முடியாது. அதைவிட மோசம், அமிலம் தொட்ட கருவியை இதில் விடுவது: செல் கெட்டுப்போகும். மின்னழுத்தமும் துணை நிற்காது. இறக்கத்தின் பெரும்பகுதி முழுவதும் ஒரு செல் 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென விழுகிறது.

இங்கே ஒரு கணக்கு. இறக்கத்தை நிறுத்தும் எல்லை செல்லுக்கு 1 வோல்ட் என்பது வழக்கம். பெட்டிக்கு 5 வோல்ட். நான்கு செல்கள் 1.2 வோல்ட்டில் திடமாக நிற்க, ஐந்தாவது 0.2க்கு இறங்கியிருந்தாலும் கூட்டுத்தொகை 5 வோல்ட்தான். பெட்டி முழுவதும் ஒரேபோல் களைத்ததா, ஒரு செல் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அடுக்கு முழுவதையும் ஒன்றாக 100 வோல்ட் வரை இறக்கினால் நிலைமை இன்னும் மோசம்: 90 செல்கள் 1.17 வோல்ட்டில் இருக்க, பத்து செல்கள் முனைமாறி மைனஸ் அரை வோல்ட்டில் கிடந்தாலும் மொத்தம் ஏறத்தாழ 100. ஓட்டுநரின் மானி இதில் எதையும் காட்டப்போவதில்லை. பெட்டிக்குள் செல் இணைப்புகள் உள்ளே புதைந்திருப்பதால் தனித்தனியே தொட்டளக்கவும் இயலாது. இதே வகை விமான பேட்டரியில் செல்கள் வெளியே தெரியும். இறக்கி முடித்ததும் ஒவ்வொன்றையும் கிளிப் போட்டுக் குறுக்கிணைத்து முற்றிலும் வெறுமையாக்க முடியும். கார்ப் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே முடிவு வோல்ட்டைவிட வளைகோட்டின் வடிவம் முக்கியம். பெட்டியைத் தனியே, மாறா மின்னோட்டத்தில் இறக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரவேண்டும். நடுவழியில் ஏறத்தாழ ஒரு வோல்ட் படி விழுந்தால் ஒரு செல் தீர்ந்தது என்று பொருள். படி எதுவும் இன்றி ஐந்தும் சேர்ந்து சரிந்தால் அது வேறு கதை.

அந்த வேறு கதையைத்தான் ‘நினைவு விளைவு’ என்ற பெயரால் எல்லோரும் அழைக்கிறார்கள். உண்மையான நினைவு விளைவு, ஒரே ஆழத்துக்குத் துல்லியமாகத் திரும்பத் திரும்ப இறக்கப்பட்ட செல்களில் காணப்பட்டது. நாளொரு தூரம் ஓடும் காரில் அத்தகைய துல்லியத்துக்கு வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் நாம் காண்பது மிகை மின்னேற்றத்தால் வரும் அழுத்தத் தாழ்வு: எதிர்மின் தகட்டில் நிக்கலும் காட்மியமும் கூடிய உலோகச் சேர்மம் உருவாவது அதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. கொள்திறன் தொலையவில்லை, தாழ்ந்த மின்னழுத்தத்தில் வெளிவருகிறது, அவ்வளவே. சிறு மின்னோட்டத்தில் ஆழமாக இறக்கி முழுதாக ஏற்றினால் தேறுவது இந்த வகைதான்.

தேற்றுதலுக்கு முன் தண்ணீர். ஓர் ஆம்பியர்-மணி மிகை மின்னேற்றம் ஒரு செல்லில் 0.336 கிராம் நீரைப் பிளந்து வாயுவாக்கும். இது பாரடே விதியின் நேர்க்கணக்கு. ஒரு மின்னேற்றத்துக்கு 10 ஆம்பியர்-மணி மிகை என்று கொண்டால், நூறு செல்களில் மூன்றில் ஒரு லிட்டர். பத்து மின்னேற்றத்தில் மூன்று லிட்டருக்கு மேல். நீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி வேலை செய்யாது. ‘வயதாகிவிட்டது’ என்று கழிக்கப்படும் பெட்டிகளில் சில வெறும் தாகத்தால் வாடியவை. ஆனால் இறங்கிய நிலையில் நீர் ஊற்றக் கூடாது. மின்னேற்றத்தின்போது திரவ மட்டம் உயர்ந்து, காரநீர் வழிந்தோடி, மிஞ்சியது நீர்த்துப்போகும். ஏற்றி முடித்தபின் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. வாயு வெளியேறும்போது அருகில் தீப்பொறி கூடாது; காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜனே தீப்பற்றப் போதும்.

என் பரிந்துரை எளியது: ஒரே வெப்பநிலையில், ஒரே மின்னோட்டத்தில் அடுத்தடுத்து மூன்று இறக்கங்கள், அவற்றில் கிடைத்த ஆம்பியர்-மணி எண்கள் மூன்றையும் பெட்டியின் மேலேயே எழுதிவைப்பது. 55, 74, 81 என ஏறினால் தேறும் பெட்டி. 60, 61, 60 என நின்றால் போனது போனதுதான். அதைப் பிற வலுவான பெட்டிகளோடு தொடரில் கோத்தால் அதுவே முதலில் நிரம்பி, முதலில் நீரிழந்து, முதலில் முனைமாறும். அதே அளவு நலிந்த பெட்டிகளோடு சேர்த்துக் குறைந்த தூரத்துக்கு ஓட்டுவது மேல்.

நான்காவதாக ஒரு சோதனை உண்டு. பொறுமையின்மையால் பலரும் விட்டுவிடுவது. முழுதாக ஏற்றிய பெட்டியை இரண்டு வாரம் சும்மா வைத்துப் பிறகு இறக்குவது. காட்மிய ஊசிகள் வளர்ந்து தகடுகளுக்கு இடையேயுள்ள தடுப்பைத் துளைத்த செல் இந்த இடைவெளியில் தானே வடிந்துவிடும். பெருமின்னோட்டத்தைப் பாய்ச்சி அந்த ஊசியை எரித்துவிட்டுப் பெட்டியைச் ‘சரியானது’ என்று விற்பதுண்டு. தடுப்பின் ஓட்டை அப்படியே இருக்க, அதே வழியில் ஊசி மீண்டும் வளர்கிறது. இரண்டு வாரச் சோதனையில் தோற்ற பெட்டியின் காட்மியம் போகவேண்டிய இடம் மறுசுழற்சி உலை. அங்கே அது 767 பாகை செல்சியஸில் ஆவியாகி, குளிர்ந்து, மீண்டும் உலோகமாகச் சேகரிக்கப்படுகிறது.