வாய்நாற்றத் தடுப்பும் ‘நித்திய கரும விதி’யும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நீங்காத வாய்நாற்றம் இன்று பல் மருத்துவத்தின் ஆய்வுப்பொருளாக உள்ளது. தமிழ் மரபிலோ அது ஒழுக்கத்தோடும் உடலோம்பலோடும் இணைத்து நோக்கப்பட்டது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளின் (1823–1874) ‘நித்திய கரும விதி’யை முன்வைத்து, அம்மரபில் கொள்ளத்தக்கதையும் விலக்கத்தக்கதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒழுக்க நூல் மரபு

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், காலையில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வம் தொழுமாறு விதிக்கிறார். உண்டபின் எச்சில் அற உமிழ்ந்து வாயைத் தூய்மை செய்யவும் அந்நூல் கூறுகிறது. இவ்விடங்களில் வாய்த்தூய்மை நல்லொழுக்கத்தின் கூறாக அமைகிறது.

அடிகள் வகுத்த முறை

1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய அடிகள், வாய்த்தூய்மையை உடலோம்பலுக்கு உரியதாக விரிக்கிறார். முதலில் வேலங்குச்சி, ஆலம்விழுது ஆகியவற்றால் பல்லழுக்கை நீக்க வேண்டும். அதன்பின் கரிசலாங்கண்ணித் தூளால் பல் தேய்க்க வேண்டும். பிறகு வாய் அலம்ப வேண்டும். இவ்வரிசை கருதத்தக்கது. அழுக்கை அகற்றுவதே முதற்படி. மூலிகை அதற்கு அடுத்ததே.

இன்றைய மருத்துவ விளக்கமும் இவ்வரிசைக்கு அரண் செய்கிறது. வாய்நாற்றத்தின் பெரும்பகுதி வாய்க்குள்ளேயே தோன்றுகிறது. நாவின் பின்புறத்திலும் பல்லிடுக்கிலும் தங்கும் நுண்ணுயிரிகள் புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் முதலிய கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு குறைவதால் விடியலில் நாற்றம் மிகுகிறது. ஆகவே, பல் துலக்குதலோடு நாக்கு வழித்தலும் ஈறுநோய்க்கு மருத்துவம் பெறுதலும் தடுப்புமுறைகளாகின்றன. இவற்றாலும் நீங்காத நாற்றம் தொண்டை, மூக்கு நோய்களையோ நீரிழிவையோ சுட்டக்கூடும்.

தாம்பூலம்: மறுவாசிப்பின் தேவை

துயிலெழுந்தபின் தாம்பூலம் தரித்து, முதலில் ஊறும் நீரை உமிழவும் அதே விதி அறிவுறுத்துகிறது. வாய்மணம் தரும் பொருளாகத் தாம்பூலம் நெடுங்காலம் போற்றப்பட்டது. 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபன் பதூதாவும் இப்பயனைக் குறித்துள்ளார். ஆயின், மணமூட்டல் நாற்றத்தை மறைக்குமேயன்றி அதன் காரணத்தை அகற்றாது. மேலும், புகையிலை கலவாத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி வகைப்படுத்தியது. ‘மரபு’ என்ற ஒரே காரணத்தால் குச்சியையும் பாக்கையும் ஒருசேரப் பரிந்துரைப்பது தீங்காகும்.

முடிவுரை

அழுக்கு நீக்கல், மணமூட்டல் என்னும் இருபோக்குகள் தமிழர் வாய்நல மரபில் இணைந்தே வந்துள்ளன. முன்னதை மருத்துவ அறிவியல் ஏற்கிறது. பின்னதில் தாம்பூலத்தை மறுக்கிறது. அடிகள் பிறந்த கடலூர் மாவட்டத்திலேயே, 1980இல் அண்ணாமலைநகரில் தொடங்கப்பட்ட பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளது. தமிழியலாரும் பல் மருத்துவரும் இணைந்து இத்தகைய விதிகளை ஒவ்வொன்றாக மதிப்பிடுவதே மரபைப் பேணும் நேர்வழியாகும்.