சவாரி மாடு ஓடுவது எதனால்?

சரித்திர பாடத்தில் அரசர்களின் பெயர்களைக் கேட்டு உறங்கிவிடும் மாணவன், வண்டிச் சவாரியைப் பற்றி ஒரு சொல் எடுத்த மாத்திரத்தில் விழித்துக்கொள்வான். வினாவின்மேல் வினாவாகத் தொடுப்பான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அஃது இயல்பே. அவ்வாறு அடிக்கடி எழும் ஐயங்கள் சிலவற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

சிவப்புத் துணியைக் கண்டால் நாம்பன் வெகுளுமா என்பது முதலாவது. வெகுளாது. மனிதரின் கண்ணில் நிறமுணரும் அணுக்கள் மூன்று வகை. மாட்டின் கண்ணில் இரண்டே வகை. சிவப்பைப் பிரித்தறியும் வகை அதற்கு இல்லை. ஸ்பானிய தேசத்து அரங்கிலே காளையை இழுப்பது துணியின் நிறமன்று, அதன் அசைவே. வெள்ளைத் துணியை வீசினாலும் அது பாயும்.

அடுத்த வினா சரித்திரத்தைச் சார்ந்தது. குதிரைகள் இருந்த நாட்டில் நாம் மாட்டை ஓட்டப்பந்தயத்திற்குத் தெரிந்தது ஏன்? நெடுந்தீவிலே போர்த்துக்கேயர் கொணர்ந்து விட்ட குதிரைகளை ஒல்லாந்தர் லாயங்கள் கட்டிப் பெருக்கினர். ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியில் நோலன் என்னும் படையதிகாரி அப்பணியைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் கவனிப்பாரற்றுப் போன அக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவின் வெளிகளில் தம் போக்கில் மேய்கின்றன; கோடையில் நீருக்கு அலைகின்றன. ஆனால் குதிரை பெரும்பாலும் அரசாங்கத்தின் உடைமையாகவே இருந்தது. கமக்காரனின் முற்றத்தில் நின்றது மாடு. அதுவே வயலை உழுதது; தோட்டத்தில் பட்டியடைக்கப்பட்டுப் புகையிலைக்கு எருவிட்டது; விளைந்ததைச் சந்தைக்கு இழுத்தது. 1905ஆம் ஆண்டு கொழும்புடன் புகையிரதப் பாதை இணையும்வரை தரைவழிப் பயணத்திற்கும் அதுவே பெருந்துணை. மனிதன் தன்னிடம் உள்ளதைக் கொண்டுதானே போட்டியிடுவான்!

திருக்கல் வண்டியிற் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற இருவர் ஒழுங்கையைக் கடந்து வெளிக்கு வந்ததும், யாருடைய சோடி முந்தும் என்று பார்க்க முனைவது இயற்கை. பின்னர் அறுவடை முடிந்த காலத்திலும் பண்டிகை நாட்களிலும் திடல் வகுத்து, வயதும் பருமனும் பார்த்து மாடுகளைப் பிரித்து ஓட்டும் முறை வந்தது. கடல் கடந்து இந்தியாவிலிருந்து வந்த வடக்கன் மாடுகளுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. இவ்விளையாட்டு நம்மவர் வாழ்வில் எவ்வளவு ஊறியது என்பதற்கு ஒரு சான்று போதும்: ‘சிரித்திரன்’ ஆசிரியர் சுந்தர் தாம் படைத்த கேலிச்சித்திர நாயகனுக்குச் சூட்டிய பெயர் ‘சவாரித் தம்பர்’.

இதனை ஏறு தழுவுதலோடு சிலர் குழப்புவர். கலித்தொகையின் முல்லைக்கலியில் வருவது மனிதன் காளையோடு மோதுவது. சவாரியில் மனிதனும் காளையும் ஒரே பக்கம். ஆயினும் உறவு உண்டு. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 சனவரியில் தமிழகம் கிளர்ந்தபோது நல்லூரிலும் நம் இளைஞர் கூடினர். தமிழகம் இயற்றிய திருத்தச் சட்டத்தை 2023இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. அங்கே வழக்காடப்பட்ட வினா நமக்கும் உரியதே.

அதற்கு விடை காணுமுன், மாடு முந்த விரும்பித்தான் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். வெற்றி என்பதை அது அறியும் என்று கூறச் சான்றில்லை. (வென்ற பின் மாலை விழுவதும் பெரும்பாலும் சாரதியின் கழுத்திலேயே.) மாடு மந்தையாக வாழும் பிராணி, இரையாகும் இனம். அச்சம் வந்தால் ஓடுவதும், அருகில் ஒன்று ஓடினால் தானும் ஓடுவதும் அதன் பிறவிக் குணம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ 330 பாகை அளவு அது பார்க்கும். நேர் பின்னே மாத்திரம் குருடு. ஆகவே பக்கத்து வண்டி அதன் கண்ணில் எப்போதும் படுகிறது. தன்னை ஓட்டுபவனோ பெரும்பாலும் குரலாகவும் கயிற்றின் அசைவாகவுமே அதற்குத் தெரிகிறான். நமக்குக் கேளாத கூரிய ஒலிகளும் அதன் செவிக்கு எட்டும். சீழ்க்கையும் ஆரவாரமும் நமக்கு உற்சாகம். அதற்கு அவை வேறொன்று.

வலத்தன் வலத்திலும் இடத்தன் இடத்திலும் பூட்டிப் பழகிய சோடியை மாற்றிப் பூட்டினால் தடுமாறுவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். மாடு பழக்கத்தால் வாழ்வது. பல மாதம் ஒருவன் குரலுக்கு நடந்து, அவன் கையில் தீனி தின்று வளர்ந்த மாடு அக்குரலுக்கே விரையும். இவ்வாறு பழக்கப் பொறுமையில்லாதவன்தான் துவரங்கம்பின் நுனியில் ஆணி வைக்கிறான். குத்துப்பட்ட மாடு முன்னோக்கி மாத்திரம் பாய்வதில்லை. நோவு வந்த பக்கத்தை விட்டு மறுபக்கம் சாயும். வலத்தனின் வலப்புறம் குத்தினால் அது இடத்தனை நெருக்கும், நுகம் கோணும், வண்டி கூட்டத்துக்குள் புகும். ஆகவே ஆணி கொடுமை மாத்திரமன்று, ஓட்டக்கலையறியாத செயலுமாகும்.

சட்டம் இல்லாமலில்லை. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வந்தது. அது விதித்த தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. அன்று அது பெருந்தொகை. பின்னர் ஒரு நேர வைக்கோலுக்கும் போதாததாயிற்று. ஆதலால் சட்டத்தை எதிர்பார்த்திராமல் திடலிலேயே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஓடுமுன் ஒரு முறையும், எல்லை கடந்தபின் ஒரு முறையும் நடுவர் ஒவ்வொரு மாட்டின் பின்புறத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியிற் குருதி படிந்தால் அந்தச் சோடி முந்தியதாகக் கணக்கில்லை என்று அறிவித்துவிட்டால், ஆணியைக் கழற்றச் சொல்லி எவரும் கெஞ்சவேண்டியதில்லை. சாரதியே கழற்றிவிட்டு வருவான்.