மதராசிலிருந்து புறப்பட்ட ஒரே கப்பல்



தேவசித்தத்தைக் குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் வாசல்களையே அடையாளமாகக் கொள்ளுகிறோம். விசா கிடைத்தது, வரன் அமைந்தது, ஆகவே கர்த்தர் நடத்தினார் என்கிறோம். தடை வந்தாலோ, அது அவருடைய சித்தமல்ல என்று திரும்பிவிடுகிறோம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, அதோனிராம் ஜட்சன் என்னும் மிஷனெரியின் முதல் ஒன்றரை ஆண்டு ஊழியத்தைச் சற்றே அளந்து பாருங்கள்.

1812 பிப்ரவரியில், திருமணமாகி இரண்டே வாரங்களில், இருபத்து மூன்று வயதான ஜட்சனும் அவருடைய மனைவி ஆனும் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களை அனுப்பியது காங்கிரிகேஷனல் சபையாரின் மிஷன் சங்கம். கப்பலில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஆராய்ந்துகொண்டே வந்த ஜட்சனுக்கு, ஞானஸ்நானம் பற்றித் தம் சபை போதித்தது சரிதானா என்ற கேள்வி எழுந்தது. கல்கத்தாவில் இறங்கியபின் அவரும் ஆனும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர் எடுத்த முடிவை நீங்களும் ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் வாசகர்களில் இரு திறத்தாரும் உண்டு. அதற்கு அவர் கொடுத்த விலையையே கவனியுங்கள். தம்மை அனுப்பிய சங்கத்தாருக்கு எழுதி அவர் விலகிக்கொண்டார். அந்நிய தேசத்தில், கையில் ஆதரவின்றி, மனச்சாட்சிக்குக் கீழ்ப்படிந்ததினால் மட்டுமே அந்நிலைக்கு வந்தார்.

அடுத்த தடை கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து வந்தது. மிஷனெரிகள் தன் ஆட்சி எல்லையில் தங்குவதைக் கம்பெனி அந்நாட்களில் விரும்பவில்லை. போதாக்குறைக்கு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அவ்வாண்டே போர் மூண்டிருந்தது. வெளியேறும்படி கட்டளை பிறந்தது. அவர்கள் மொரீஷியஸ் தீவுக்குத் தப்பிச் சென்றபோது, தங்களோடு ஒரே கப்பலில் வந்த தோழி ஹாரியட் நியூவெல் அங்கே பத்தொன்பது வயதில் மரித்து அடக்கம் பண்ணப்பட்டிருந்தாள். அங்கிருந்து பினாங்குக்குப் போகும் எண்ணத்தோடு 1813 ஜூன் மாதம் நம்முடைய மதராசுக்கு வந்தார்கள். பினாங்குக்குக் கப்பல் இல்லை. தாமதித்தால் கம்பெனியார் பிடித்து அனுப்பிவிடுவார்கள். துறைமுகத்தில் அப்போது அவர்கள் ஏறத்தக்கதாய் இருந்தது ஒரே ஒரு பழைய கப்பல். அது போகும் இடம் ரங்கூன். பர்மாவோ, வேண்டாம் என்று கல்கத்தாவில் பலரும் எச்சரித்த தேசம். அரசனுடைய கோபம் ஒன்றே சட்டமாயிருந்த தேசம். மனமில்லாமலே ஏறினார்கள். வழியில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதைக் கடலிலே அடக்கம் பண்ணினார்கள். ஜூலை 13-ஆம் தேதி ரங்கூன் வந்து சேர்ந்தார்கள்.

பவுல் ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி தடைபண்ணப்பட்டு, பித்தினியாவுக்கும் போகக் கூடாமல், துரோவாவுக்கு வந்து நின்றதை அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் துரோவாவில் பவுலுக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. மதராசில் ஜட்சனுக்குத் தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கப்பல் மாத்திரமே.

ரங்கூனில் முதல் பர்மியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஜட்சன் அம்மொழியில் ஆழ இறங்கி, 1823-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை எழுதி முடித்தார். மறு ஆண்டே ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் வந்தது. ஜட்சன் அமெரிக்கர், ஆயினும் அவருக்கு வரவேண்டிய பணம் வங்காளத்து ஆங்கிலேயர் மூலமாக வந்தபடியால், அவரை உளவாளி என்று எண்ணி 1824 ஜூன் 8 அன்று ஆவா நகரில் பிடித்துச் சிறையிலிட்டார்கள். கால்களில் மூன்று ஜோடி விலங்குகள். இரவில் கைதிகளின் கால்களை ஒரு மூங்கிலில் கோத்து, தோள் மட்டும் தரையில் படும்படி உயர்த்திவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை ஆன் முதலில் வீட்டடியில் மண்ணில் புதைத்தாள். மழைக்காலம்; ஈரத்தில் அது அழிந்துபோகும். ஆகவே அதை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, கணவனிடம் சிறைக்குக் கொடுத்தனுப்பினாள். எந்தக் காவலனும் ஆசைப்படாதபடி அதை மிகவும் கடினமாகவும் அவலட்சணமாகவும் செய்திருந்தாள். 1825 மே மாதம் கைதிகளைத் திடீரென்று வேறு சிறைக்கு இழுத்துச் சென்றபோது, ஒரு காவலன் மேலுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்த பொதியைக் குப்பையென எறிந்துவிட்டான். ஜட்சன் வெறுங்காலுடன், கொதிக்கும் மணலில், பாதங்கள் கொப்பளித்து நடந்தார். மௌங் இங் என்னும் விசுவாசி, தன் போதகரின் நினைவாக எதையாவது வைத்துக்கொள்ள எண்ணி, அந்தப் பொதியை எடுத்து வீட்டில் வைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்தே அதற்குள் புதிய ஏற்பாடு பழுதில்லாமல் இருப்பதைக் கண்டார்கள்.

பிரசங்கங்களில் இச்சரித்திரம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். அது சரியல்ல என்பது என் எண்ணம். ஜட்சன் விடுதலையான பின்பு, 1826 அக்டோபரில், அவர் தூரத்தில் இருந்தபோது ஆன் மரித்தாள். ஆறு மாதத்தில் இரண்டு வயதுக் குழந்தை மரியாளும் போய்விட்டாள். அந்தக் காகிதங்களைக் காத்த தேவன், அவற்றைத் தலையணைக்குள் தைத்த கைகளைக் காக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஜட்சனும் கேட்டார். அவர் காட்டுக்குள் ஒரு குடிசை கட்டினார், தமக்கென்று ஒரு கல்லறையைத் தோண்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்ற பொருளில் எழுதினார். மொழிபெயர்ப்புக்காகவே ஆன் மரிக்க வேண்டியதாயிற்று என்று அவருக்கு யாராவது விளக்கம் சொல்லியிருந்தால், அது யோபின் சிநேகிதர் பேச்சாகவே இருந்திருக்கும். துக்க வீடுகளில் நாம் அவசரப்பட்டுச் சொல்லும் விளக்கங்களும் அப்படிப்பட்டவையே. இன்று உங்கள் வீட்டில் ஓர் இடம் வெறுமையாயிருக்குமானால், அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் கடமை உங்கள்மேல் சுமத்தப்படவில்லை.

குடிசையிலிருந்து அவர் எழுந்து வந்ததற்கும் பெரிய தரிசனம் ஒன்றும் காரணமாகச் சொல்லப்படவில்லை. பழைய ஏற்பாடு பாக்கியிருந்தது. எபிரெயுவிலிருந்து ஒவ்வொரு அதிகாரமாக மறுபடியும் உட்கார்ந்தார். 1834 ஜனவரி 31 அன்று, மௌல்மீனில், கடைசித் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்காற்படியிட்டார். பின்னும் ஆறு ஆண்டுகள் அதைத் திருத்தினார். பர்மியச் சபைகளில் இந்த ஞாயிறும் வாசிக்கப்படுவது அந்த மொழிபெயர்ப்பே.

1850-இல் வங்காள விரிகுடாவில், நோயாளியாய்ப் பயணம் செய்கையில் ஜட்சன் மரித்தார். அவரையும், மதராசிலிருந்து வந்த வழியில் இறந்த அந்தக் குழந்தையைப் போலவே, கடலிலே அடக்கம் பண்ணினார்கள்.