ஓடிப்போன சிப்பாய்

வேலூரிலிருந்து அணைக்கட்டைத் தாண்டித் தென்மேற்கே போனால் ஒடுகத்தூர். பக்கத்தில் ஜவ்வாது மலை. மழைக்காலத்தில் மட்டும் தன்னை ஆறு என்று காட்டிக்கொள்ளும் உத்தர காவேரி. இந்தச் சீமைக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. கண்ணமங்கலம் போகும் சாலையில் இருக்கும் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. முதல் உலக யுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது சொல்லுகிறது.

யுத்தத்துக்குப் போனவர்களுக்குக் கல் உண்டு. திரும்பி வராதவர்களுக்கும் உண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டவனுக்கு எந்த ஊரிலும் கல் கிடையாது. அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். வயது இருபது. லீவில் வந்தவன். லீவு முடிந்து காட்பாடியில் ரயில் ஏற வேண்டிய அன்று, கட்டிய பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, "நான் போகலைம்மா" என்கிறான். காரணம் எதுவாகவும் இருக்கலாம். தகப்பனாரின் நோய், தங்கையின் கல்யாணக் கடன், மேலதிகாரியின் சுடுசொல், அல்லது வெளியே சொல்லத் தெரியாத ஒரு பயம். தெருவுக்குக் காரணம் தேவையில்லை. "ஓடி வந்துட்டான்" என்ற ஒரே சொல்லில் அது தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது.

சரித்திரமும் நெடுங்காலம் அந்தத் தெருவைப் போலத்தான் நடந்துகொண்டது. அதற்கு உதாரணம் தேடித் தொலைவுக்குப் போக வேண்டாம். வேலூர்க் கோட்டை வரையில் போனால் போதும்.

1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி, விடிவதற்கு முன்பே அந்தக் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கும்பினிப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நெற்றியில் சின்னம் அணியக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று வந்த உத்தரவுகளில் மூண்ட கலகம் அது. சிறைப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளும் அந்தக் கோட்டையில்தான் இருந்தார்கள். கலகம் ஒரு பகல்கூட நிற்கவில்லை. 16 மைல் தூரத்தில் இருந்த ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். அன்று மாண்ட சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விசாரணைக்குப் பிறகு 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். 5 பேரைச் சுட்டார்கள். 8 பேரைத் தூக்கிலிட்டார்கள். 5 பேரை நாடு கடத்தினார்கள்.

இது புத்தகங்களில் உள்ள கதை. என் மனம் போவது வேறொரு கூட்டத்தின் பின்னால். குதிரைப்படை உள்ளே நுழைந்ததும் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மதில் தாண்டியும் திட்டிவாசல் வழியாகவும் வெளியேறி நாட்டுப்புறத்தில் சிதறினார்கள். ஜில்லா அதிகாரிகள் அவர்களைத் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பிடிபட்டவர்களில் பலர் வேலூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் மாதக்கணக்கில் காவலில் கிடந்தார்கள். அவர்களுள் துப்பாக்கி பிடித்துச் சுட்டவனும் இருந்திருப்பான். சத்தம் கேட்டு விழித்து, என்ன ஏது என்று புரியாமல் ஓடியவனும் இருந்திருப்பான். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது இருவருமே இல்லை. இல்லாமல் போனதே இருவருக்கும் எதிரான சாட்சியாகிவிட்டது. எங்கே போனான் என்று தேட ஆள் இருந்தது. ஏன் போனான் என்று பிரித்துக் கேட்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

தண்டனை மனிதர்களோடு நிற்கவில்லை. முதலாம் ரெஜிமெண்ட், இருபத்து மூன்றாம் ரெஜிமெண்ட் என்ற பெயர்களையே சென்னைப் பட்டாளத்தின் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பழைய முதலாம் ரெஜிமெண்டில் எஞ்சியவர்களைக் கொண்டு இருபத்து நான்காம் ரெஜிமெண்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். 1817 நவம்பரில் நாகபுரிக்கு அருகே சீதாபல்டிக் குன்றுகளில், தங்களைவிடப் பன்மடங்கு பெரிய போன்ஸ்லே சேனையை எதிர்த்து அந்த ரெஜிமெண்டின் சிப்பாய்கள் நின்றார்கள். அதற்குக் கிடைத்த வெகுமதி என்ன தெரியுமா? அவர்களுடைய பழைய எண். பதினோரு வருஷங்களுக்குப் பின் அவர்கள் மீண்டும் 'முதலாம் ரெஜிமெண்ட்' ஆனார்கள். பட்டாளத்துக்காரனுக்குப் பெயர் எத்தனை பெரிய சொத்து என்பதை இதைவிட நன்றாக விளக்க என்னால் ஆகாது. ஆனால் பெயர் திரும்பியது ரெஜிமெண்டுக்கு. ஜூலை மாதத்து இருட்டில் வயல் வரப்பில் ஓடிய அந்தத் தனிமனிதனுக்கு அல்ல.

நம்மை ஆண்டவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளிடமாவது தாட்சண்யம் காட்டினார்களா? அதுவும் இல்லை. ஹெர்பர்ட் பர்டன் என்று ஒரு பையன். வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவன். 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையிலிருந்து விலகிப் போனான். ஓடிப்போன குற்றத்துக்காக அந்த ஜூலை 21-ந் தேதி அவனைக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். அப்போது அவனுக்கு வயது 17. சட்டப்படி அவன் சிப்பாயாக இருக்கவே வயது போதாது. சாக மட்டும் போதுமாயிருந்தது! அதே யுத்தத்தில் ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் சிப்பாய்களில் ஒருவனைக்கூட இப்படிச் சுட அனுமதிக்கவில்லை. அதனால் அந்தப் பட்டாளம் கலைந்தா போய்விட்டது?

பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடிப்போனவனுக்கு மரணம் என்ற விதி 1930-ல் எடுக்கப்பட்டது. 2001-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில், இப்படிச் சுடப்பட்டவர்களுக்காக 306 கம்பங்கள் நட்டு, நடுவே கண் கட்டிய ஒரு பையனின் சிலையை நிறுத்தினார்கள். சிலைக்கு மாதிரி பர்டன்தான். 2006-ல் பார்லிமெண்ட் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. 'ஏன் போனான்?' என்ற கேள்வியை ஒரு தேசம் கேட்டு முடிக்க 91 வருஷங்கள் ஆயின. அதற்குள் பதில் சொல்ல வேண்டியவனும் இல்லை, அவனைப் பெற்றவளும் இல்லை.

இனி நம் ஒடுகத்தூர்ப் பிள்ளையிடம் வருவோம். அவன் வாழ்வது 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் கீழ். தெரு ஒரே சொல்லில் முடித்ததை அந்தச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. 38-வது பிரிவு ஓடிப்போனவனைப் பற்றியது. 39-வது பிரிவு அனுமதியில்லாமல் வராமல் இருந்தவனையும், தக்க காரணமின்றி லீவுக்கு மேல் தங்கிவிட்டவனையும் பற்றியது. முன்னதற்கு, யுத்த சேவையிலோ யுத்த சேவைக்கு உத்தரவான நிலையிலோ இருந்தால் மரண தண்டனை வரை போகலாம்; மற்றச் சமயங்களில் ஏழு வருஷம் வரை சிறை. பின்னதற்கு மூன்று வருஷம் வரை. இரண்டுக்கும் நடுவே உள்ள வேலி எது? மனம்தான். திரும்பவே கூடாது என்ற எண்ணம் இருந்தால்தான் அது ஓடிப்போன குற்றம். வெறுமே வராமல் இருந்தது அந்தக் குற்றமாகாது. 1986-ல் ஒரு காப்டன் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இந்த வித்தியாசத்தை எடுத்துக் காட்டியது. 1806-ல் யாரும் கேட்காத கேள்வி சட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் மனத்தை யார் திறந்து பார்ப்பது? நாட்களை எண்ணித்தான் பார்ப்பார்கள். முப்பது நாள் வராமல் இருந்தால் விசாரணைக் குழு கூடும். அவன் வரவில்லை என்பதைப் பதிவு செய்யும். அதன் பிறகும் அவன் தானாக வராமலும் பிடிபடாமலும் இருந்தால், ஓடிப்போனவனாகவே கருதப்படுவான். பிடித்துத் தரும்படி ஊர் அதிகாரிகளுக்கு எழுத்து வரும். போலீஸார் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். வராத ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் கிடையாது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவனுக்கு மொத்த சேவையே நான்கு வருஷம். அதன் முடிவில் நிலைத்து வைத்துக்கொள்ளப்படுகிறவர்கள் கால் பங்குக்கு மேல் இல்லை. அப்படிப்பட்டவனுடைய ஏட்டில் விழுகிற ஒரு கறுப்புக் கோடு எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடிப்போனவன் என்று தெரிந்தும் அவனுக்கு இடம் கொடுப்பது ராணுவத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் குற்றம். 1860-ம் வருஷத்து தண்டனைச் சட்டம் அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை வைத்தது. மனைவிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்லுகிறது. விலக்கு மட்டும் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாகியிருக்கிறது. பெற்ற தாய்க்கு அன்றும் விலக்கு இல்லை, இன்றும் இல்லை. பிள்ளையை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சோறு போடுகிற தாய், தன் அன்பினாலேயே அவனை 39-லிருந்து 38-க்கு நகர்த்திக்கொண்டிருக்கிறாள்.

மறுபக்கமும் இருக்கிறது. தானாகத் திரும்பி வந்து காரணம் சொல்லுகிறவனைக் கமாண்டிங் ஆபீஸர் தன் அளவிலேயே விசாரித்து, 28 நாள் வரை அடைத்து வைப்பதோடு விஷயத்தை முடித்துவிடலாம். இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. யுத்த சேவையிலிருந்து அல்லாமல் ஓடிப்போனவன், திரும்பி வந்து மூன்று வருஷம் தொடர்ந்து மாதிரி சிப்பாயாக நடந்துகொண்டால், பிறகு அந்தப் பழைய குற்றத்துக்காக அவனை விசாரணைக்கு நிறுத்தக் கூடாது. சீதாபல்டியில் ஒரு ரெஜிமெண்ட் ரத்தம் சிந்தி மீட்ட பெயரை, தனி ஒருவன் நல்ல நடத்தையால் மீட்டுக்கொள்ளச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு இது. பர்டனுக்குத் திறக்காத கதவு.

சட்டம் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லப் பையன் எதிரே வந்து நிற்க வேண்டுமே! ஆகவே நம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். "ஓடி வந்துட்டான்" என்ற தெருப் பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் கிடக்காதே, தம்பி. தகப்பனாருக்கு நோய் என்றால் டாக்டர் சீட்டை எடுத்துக்கொள். பயம் என்றால் பயம் என்றே சொல். காட்பாடியில் இன்றைக்கும் ரயில் இருக்கிறது. முப்பதாவது நாள் இன்னும் வரவில்லை.