400 கஜத்தில் மூச்சுத் திணறிய இன்டர்நெட்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் ஒரு சின்ன லூப் எழுதினேன். சர்வர் பதில் சொல்லலையா, உடனே திரும்பக் கேளு. அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர் கொஞ்சம் மெதுவாச்சு. என் லூப் அதை மொத்தமா படுக்க வெச்சுது. திங்கட்கிழமை மீட்டிங்ல வாங்கின திட்டை விடுங்க. இதே தப்பை இன்டர்நெட்டே 1986-ல பண்ணியிருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. நடுவுல 400 கஜம்தான். அந்த அக்டோபர்ல, வினாடிக்கு 32,000 பிட் போயிட்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்துச்சு. அதாவது வினாடிக்கு அஞ்சு ஆங்கில எழுத்து. ஃபைலை பிரின்ட் எடுத்து நடந்துபோய்க் கொடுத்திருந்தாலே சீக்கிரம் சேர்ந்திருக்கும்.

கேபிள் அறுந்துபோகலை. டிசிபி ஒரு பாக்கெட்டை அனுப்பிட்டு, 'வந்துடுச்சு'ங்கிற பதிலுக்குக் காத்திருக்கும். வரலைன்னா தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சு மறுபடி அனுப்பும். ஆனா பாக்கெட் தொலையலை, வழியில வரிசையில நிக்குது. இப்போ அதே பாக்கெட்டோட நகலும் வரிசையில நிக்குது. வரிசை நீள நீள எல்லா மெஷினும் இன்னும் வேகமா அனுப்புது. ஜான் நேகிள் 1984-லயே இப்படி ஆகலாம்னு எழுதி வெச்சிருந்தார்.

ஆய்வகத்துல இருந்த வான் ஜேக்கப்சனும், பெர்க்லி யூனிக்ஸ் டீமோட மைக் கேரல்ஸும் உட்கார்ந்து 4பிஎஸ்டி-யோட டிசிபி கோடுல ஏழு புது அல்காரிதம் சேர்த்தாங்க. எனக்குப் பிடிச்ச யோசனை நம்ம பஸ் கண்டக்டர் லாஜிக்தான்: ஒருத்தர் இறங்கினா ஒருத்தர் ஏறு. ஆரம்பத்துல ஒரே ஒரு பாக்கெட், பதில் வந்தா ரெண்டு, அப்புறம் நாலு. பாக்கெட் தொலைஞ்சா, பாதை நெரிசல்னு புரிஞ்சுக்கிட்டு அடக்கி வாசி. நடுவுல இருக்கிற கருவி எதையும் மாத்தலை. ரெண்டு முனையில இருக்கிற மெஷின் திருந்தினாலே போதும்.

1988-ல இது 4.3பிஎஸ்டி-டாஹோவா வெளியாச்சு. அப்போ பிஎஸ்டி முழுசா ஃப்ரீ கிடையாது, ஏடி அண்ட் டி லைசென்ஸ் வேணும். 1989-ல நெட்வொர்க் பகுதியை மட்டும் தனியா, அந்த லைசென்ஸ் இல்லாமலே கொடுத்தாங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். என்னைக் கேட்டா, அல்காரிதத்துக்குச் சமமான பெரிய விஷயம் இதுதான்.

லினக்ஸ் தன் கோடைத் தனியா எழுதிக்கிச்சு, ஆனா யோசனை அதேதான். 2006-ல க்யூபிக் அதுல டீஃபால்ட் ஆச்சு. ஒரு ஓட்டை மட்டும் ரொம்ப நாள் இருந்துச்சு: வைஃபைல சிக்னல் சரியில்லாம பாக்கெட் தொலைஞ்சாலும் டிசிபி அதை நெரிசல்னு நினைச்சு வேகத்தைக் குறைக்கும். 2016-ல கூகுள்ல இருந்து வந்த பிபிஆர், தொலையறதை மட்டும் பார்க்காம வேகத்தையும் தாமதத்தையும் அளந்து முடிவெடுக்குது. அதை எழுதினவங்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? அதே வான் ஜேக்கப்சன்.