தண்டுவடக் காயத் தர வகைப்பாடு

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவரின் உடலில் உணர்ச்சியும் தசை அசைவும் எந்த மட்டம்வரை, எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதைச் சோதித்து, எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கும் முறை. இயன்முறை மருத்துவப் படிப்பில் நரம்பியல் பாடத்தின் அடிப்படைகளுள் ஒன்று. புதுக்கோட்டை மாவட்டம் போன்ற ஊர்ப்புறங்களில் தென்னை, பனை ஏறி விழுதல், கைப்பிடிச் சுவரில்லாக் கிணற்றில் தவறி விழுதல், இருசக்கர வாகன விபத்து, ஜல்லிக்கட்டில் மாடு தூக்கி எறிதல் ஆகியவை இத்தகைய காயத்துக்கு வழிவகுக்கும்.

வரலாறு

காயத்தைத் தரம் பிரிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எகிப்தியச் சுருளான எட்வின் ஸ்மித் பாப்பிரசு 48 நோயாளிகளின் நிலையை விவரிக்கிறது. குணப்படுத்தலாம், போராடிப் பார்க்கலாம், மருந்தில்லை என்ற மூன்று தீர்ப்புகளே அதன் தரங்கள். கழுத்தெலும்பு நழுவி, கை கால் இருப்பதே தெரியாமல், சிறுநீர் தானே சொட்டும் நோயாளிக்கு மூன்றாம் தீர்ப்பு எழுதப்பட்டது. இச்சுருளை 1862-இல் லக்சரில் எட்வின் ஸ்மித் விலைக்கு வாங்கினார். எகிப்தியல் அறிஞர் பிரெஸ்டடின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930-இல் வெளிவந்தது.

அந்தத் தீர்ப்பு, முதல் உலகப்போர்வரை ஏறத்தாழ மாறவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் பெரும்பாலோரைக் கொன்றன. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மான் தொடங்கிய தண்டுவடக் காயப் பிரிவு அந்நிலையை மாற்றியது. நோயாளிகள் பிழைக்கத் தொடங்கியபின், யார் எவ்வளவு தேறினார் என்று ஒப்பிட அளவுகோல் தேவைப்பட்டது. அதே மருத்துவமனையின் ஃபிராங்கெல் குழுவினர் 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1969-இல் ஏ முதல் இ வரையான ஐந்து நிலைகளை வெளியிட்டனர். பயன்படாத அசைவு சி, பயன்படும் அசைவு டி என்றது அம்முறை. எது பயன்படும் என்பது சோதிப்பவரின் கண்ணைப் பொறுத்தது. அதுவே அதன் குறை.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த இவரது முயற்சியால், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1975-இல் கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் 1982-இல் வெளியிட்ட நெறிமுறை, 1992-இல் திருத்தப்பட்டபோது ஃபிராங்கெல் முறையை வழக்கொழித்தது. பயன்பாடு என்ற மதிப்பீட்டின் இடத்தில் எண்ணிக்கை வந்தது. முழுமையான காயமா, பகுதிக் காயமா என்பதை ஆசனவாய்ப் பகுதியின் எஸ்4–எஸ்5 தண்டுவட மட்ட உணர்ச்சியும் அசைவும் தீர்மானிக்கும் என்றாயிற்று.

சோதனை முறை

பஞ்சாலும் ஊக்கின் முனையாலும் உடலின் ஒவ்வொரு பக்கமும் 28 தோல் பகுதிகள் சோதிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். பஞ்சுக்கும் ஊக்குக்கும் தனித்தனியே, இருபக்கமும் சேர்த்து, உச்ச மதிப்பு 112. தசை வலிமை 0 முதல் 5 வரை அளக்கப்படும். முதன்மை அசைவுகள் பத்து (அடைப்புக்குறிக்குள் தண்டுவட மட்டம்; சி கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் திருவெலும்பு): முழங்கையை மடக்குதல் (சி5), மணிக்கட்டை மேலே நிமிர்த்துதல் (சி6), முழங்கையை நீட்டுதல் (சி7), விரல் நுனியை மடக்குதல் (சி8), சுண்டுவிரலை விலக்குதல் (டி1), தொடையைத் தூக்குதல் (எல்2), முழங்காலை நீட்டுதல் (எல்3), பாதத்தை மேலே உயர்த்துதல் (எல்4), கால் பெருவிரலை நிமிர்த்துதல் (எல்5), பாதத்தைக் கீழே அழுத்துதல் (எஸ்1). இருபக்கமும் சேர்த்து உச்ச மதிப்பு 100.

நிலைகள்

ஏ: எஸ்4–எஸ்5 பகுதியில் உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.
பி: அங்கே உணர்ச்சி உண்டு; காய மட்டத்துக்குக் கீழே அசைவு இல்லை.
சி: அசைவு உண்டு, மட்டத்துக்குக் கீழுள்ள முதன்மைத் தசைகளில் பாதிக்கும் குறைவானவையே 3 அல்லது அதற்கு மேல் பெறும்.
டி: பாதியோ அதற்கு மேலோ 3-ஐ எட்டும்.
இ: முன்பு குறை இருந்து, இப்போது எல்லாம் இயல்பு.

எடுத்துக்காட்டாக, தென்னையிலிருந்து விழுந்த ஒருவருக்கு எல்2 வரை உணர்ச்சி இயல்பு. ஆசனவாய் உணர்ச்சியும் உண்டு. இருகாலிலும் எல்2 தசை 3, எல்3, எல்4 தசைகள் 2, எல்5, எஸ்1 தசைகள் 1. மட்டத்துக்குக் கீழுள்ள எட்டுத் தசைகளில் ஒன்றும் 3-ஐ எட்டாததால் இது எல்2, சி நிலை. பின்னர் மட்டம் மாறாமல் எல்3, எல்4 தசைகள் 3-ஐ எட்டினால், எட்டில் நான்கு, எனவே டி.

எலும்பின் எண்ணும் தண்டுவட மட்டத்தின் எண்ணும் ஒன்றல்ல. பெரியவர்களில் தண்டுவடம் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடும். ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்து நிலையை எழுதக் கூடாது. கூச்சம் கருதி ஆசனவாய்ச் சோதனையை விட்டால் ஏ-வையும் பி-யையும் பிரித்தறிய முடியாது.

இன்றைய நிலை

இவ்வகைப்பாடு 2019-இல் மீண்டும் திருத்தப்பட்டது. இந்தியாவில் ஊனச் சான்றிதழ் இவ்வெழுத்துகளால் அன்றி விழுக்காட்டால் வழங்கப்படுகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உதவிகளுக்கான வரம்பு 40 விழுக்காடு. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடுகளுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது.