சுங்குடிச் சேலை

துணியில் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்த்துப் புள்ளி எழுப்பும் பருத்திச் சேலை. மதுரையும், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியும் இதற்குப் பேர்போன ஊர்கள்.

குஜராத்திலிருந்து புறப்பட்டு நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்களோடு இக்கலை தெற்கே வந்தது. குஜராத்தின் பாந்தினியும் முடிச்சுச் சாயம்தான். ஆனால் அதில் உருவங்களும் கொடிகளும் உண்டு. சுங்குடி பெரும்பாலும் புள்ளியோடு நின்றுவிட்டது. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

சுங்குடி என்றதும் நெசவாளரையும் சாயக்காரரையும் சொல்வார்கள். ஆனால் முடிச்சிட்டவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். இக்கலையின் உயிர் அவர்கள் விரல் நகத்தில்தான் இருந்தது. மடித்த துணியில் புள்ளிக்குரிய இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுகச் சுற்றுவார்கள். சுற்று தளர்ந்தால் சாயம் புகுந்து புள்ளி கலைந்துபோகும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளைக் கவனிப்பதற்கும் நடுவே இது பல நாள் நீளும். ஆனாலும் எந்தச் சேலையிலும் முடிச்சிட்டவர் பெயர் இராது.

பெண்களின் கைவேலை சேலை நைந்த பிறகும் தொடரும். உடுத்தி நைந்த பருத்திச் சேலையை வீட்டில் எளிதில் எறிவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனபின் அது குழந்தைக்குத் தூளியாகும். இரண்டு மூன்றை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் விரிப்பாகும். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா கலைப்பொருளாகப் புகழ் பெற்றது. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இலேயே அதைப் பற்றி எழுதினார். நம் பக்கத்துத் தையலில் சித்திரம் இல்லை. ஆனால் கிழிசலையும் வீணாக்காத அதே கைப்பழக்கம் இதிலும் உண்டு. அதற்கும் ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் ரசாயனச் சாயம், மெழுகு அச்சு, பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் என்று வேலை மாறியது. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றி, சாயமேற்றி, வெந்நீரில் மெழுகைப் போக்கினால் புள்ளி கிடைத்துவிடும். இந்த முறையில் சின்னாளபட்டிச் சேலை பெருகியது. விலை குறைந்து, வெயில் கொளுத்தும் இப்பகுதியில் சாதாரணப் பெண்களின் அன்றாட உடையானது. அது நல்லதே. ஆனால் முடிச்சுக் கூலியை நம்பிய பெண்களுக்கு வேலை போனது.

மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைகளில் அச்சடித்த சேலையும் அதே பெயரில்தான் விற்கிறது. கைமுடிச்சுத் துணியைத் தடவினால் புள்ளிதோறும் சிறு சுருக்கம் தட்டுப்படும். வெள்ளை வளையத்தின் நடுவில் சாயப் பொட்டு இருக்கும், எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இராது. அச்சுப் புள்ளி வழவழப்பாக, ஒரே அளவில் இருக்கும்.